ஓவியம் இல்லாத அருங்காட்சியகம்

அன்புள்ள சேகர்,

முட்டி அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிந்து, மாடிப்படி ஏறத் தொடங்கிவிட்டாய் என்று எழுதியிருந்தாய். படித்ததும் பெரிய நிம்மதி. நாங்கள் மகளைப் பார்க்க ஜப்பான் வந்திருக்கிறோம். புது வேலை அவளுக்குப் பிடித்துப்போய்விட்டது. மொழியும் ஓரளவு வசப்பட்டுவிட்டது. மற்ற வீட்டுச் சேதியெல்லாம் நேரில். இந்தக் கடிதம் ஒரு கட்டிடத்தைப் பற்றியது. வாழ்நாளெல்லாம் கான்கிரீட்டோடு புழங்கிய உன்னிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்வது?

ஸெதோ உள்நாட்டுக் கடலில் தெஷிமா என்றொரு தீவு. அங்கே 2010 அக்டோபரில் ஒரு கலை அருங்காட்சியகம் திறந்தார்கள். கட்டிடக் கலைஞர் ர்யூயே நிஷிஸாவா. அதே ஆண்டில்தான் அவருக்கும் அவருடைய தொழில் கூட்டாளி கஸுயோ செஜிமாவுக்கும் சேர்த்து, கட்டிடக் கலையின் உயரிய விருதான பிரிட்ஸ்கர் பரிசு கிடைத்தது. உள்ளே ஓவியம் கிடையாது, சிலை கிடையாது, தடுப்புச் சுவர்கூடக் கிடையாது. ஒரே கூடம், அதில் ஒரே படைப்பு. ரெய் நைதோ என்ற கலைஞர் உருவாக்கியது, பெயர் ‘பொகெய்’.

தரையில் விழுந்த நீர்த்துளியின் வடிவம் அந்தக் கூடத்துக்கு. ஒரு பக்கம் சுமார் 40 மீட்டர், மறுபக்கம் 60 மீட்டர். உயரமோ, மிக அதிகமான இடத்திலேயே ஏறக்குறைய 4.5 மீட்டர்தான். கூரையும் சுவருமாக ஒன்றாய் வளைந்த கான்கிரீட் ஓடு அது; அதன் கனம் 25 செ.மீ. தூணும் இல்லை, உத்தரமும் இல்லை. கூரையில் இரண்டு பெரிய நீள்வட்டத் திறப்புகள்; கண்ணாடி ஏதும் போடாமல் அப்படியே விட்டிருக்கிறார்கள். மழை, காற்று, பூச்சி, பறவைக் குரல் எல்லாம் உள்ளே வரும்.

கட்டிய விதத்தைக் கேட்டால் உனக்கு உற்சாகம் பிறக்கும். பலகையும் முட்டும் கொடுத்து சென்ட்ரிங் அடிக்கவில்லை. மண்ணை மேடாகக் குவித்து, அதையே வேண்டிய வளைவுக்குச் செதுக்கி, மேலே கம்பி கட்டி கான்கிரீட் ஊற்றினார்கள். இறுகியபின் உள்ளிருந்த மண்ணைத் தோண்டி வெளியே எடுத்துவிட்டார்கள். அந்த வெற்றிடம்தான் கூடம். பலகைத் தடம் ஏதும் இல்லாமல் உட்புறம் முழுக்க ஒரே தோலாகத் தெரிவதற்கு அதுதான் காரணம்.

காலணியைக் கழற்றிவிட்டுத்தான் நுழைய வேண்டும். பேசக் கூடாது, படம் எடுக்கக் கூடாது. முதலில் காலியான இடம் என்றுதான் தோன்றியது. பிறகு தரையைக் கவனித்தேன். கண்ணுக்கு எளிதில் தென்படாத சிறு துளைகள் வழியே நீர் கசிந்து முத்தாகத் திரள்கிறது. நீர் ஒட்டாதபடி தரையைப் பதப்படுத்தியிருப்பதால் தாமரை இலைத் தண்ணீர்போல அது உருண்டு நிற்கிறது. சற்றுப் பெருத்ததும் சட்டென்று ஓடத் தொடங்கும். ஓடுவதைப் பார்த்த பிறகுதான் அந்த இடத்தில் சரிவு இருப்பதே தெரியும். வழியில் இன்னொரு துளியைத் தொட்டால் இரண்டும் ஒன்றாகி, வேகம் கூடி, திசை மாறி, கடைசியில் ஒரு சிறு குட்டையில் போய்ச் சேரும். சில துளிகள் பாதியிலேயே நின்றுவிடும். எது ஓடும், எது நிற்கும் என்று ஊகித்துக்கொண்டே வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். என் பக்கத்தில் சின்னப் பிள்ளை ஒருத்தி குப்புறப் படுத்து ஒரு துளியையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவளை எழுந்து வா என்று யாரும் கூப்பிடவில்லை.

இந்தத் தீவின் கதை தெரிந்தால் அந்தத் தண்ணீர் வேறு மாதிரித் தெரியும். 1970களின் கடைசியிலிருந்து 1990 வரை தெஷிமாவின் ஒரு கரையில் தொழிற்சாலைக் கழிவுகளைச் சட்டவிரோதமாகக் கொட்டி எரித்திருக்கிறார்கள். தீவு மக்கள், அதிலும் பெரும்பாலும் வயதானவர்கள், ஆண்டுக்கணக்கில் விடாமல் போராடினார்கள். 2000இல் உடன்பாடு ஏற்பட்டு, ககாவா மாகாண ஆளுநர் அவர்களிடம் மன்னிப்புக் கேட்டார். பிறகு கழிவையும் கெட்டுப்போன மண்ணையும் கப்பலில் ஏற்றி, பக்கத்து நவோஷிமா தீவுக்குக் கொண்டுபோய்ச் சுத்திகரித்தார்கள். மொத்தம் 9 லட்சம் டன்னுக்கும் மேல். அந்த வேலை நடந்துகொண்டிருந்த காலத்தில்தான் தீவின் இன்னொரு பக்கம் இந்த ஓடு எழுந்தது. சுற்றிலும் உழுவாரின்றிக் கிடந்த படிக்கட்டு வயல்களை ஊர்க்காரர்களும் சேர்ந்து திருத்தி, மறுபடி நெல் விளைய வைத்திருக்கிறார்கள். நான் போனபோது வயல் பச்சையாக இருந்தது.

விசித்திரமான கட்டிடம் உள்ளிருக்கும் கலையை விழுங்கிவிடும் என்று நீ எப்போதும் வாதாடுவாய். பல இடங்களில் அது உண்மைதான். முகப்பைப் பார்த்துவிட்டு உள்ளே என்ன பார்த்தோம் என்பதே மறந்துபோகும். ஆனால் இங்கே கான்கிரீட் ஓடு இல்லையென்றால் துளி இல்லை, துளி இல்லையென்றால் ஓட்டுக்கு வேலை இல்லை. வெளியிலிருந்து பார்த்தால் புல்லுக்கு நடுவே தாழ்ந்த வெள்ளை மேடு, அவ்வளவே. பக்கத்தில் கடையும் காபிக்கூடமும் இதே சாயலில் இன்னொரு சிறிய ஓட்டுக்குள் இருக்கின்றன. அழகுதான், ஆனால் மேசை நாற்காலி வந்ததும் அந்த வடிவத்தின் அழுத்தம் போய்விடுகிறது. பெரிய கூடத்தைப் பார்த்த கையோடு அங்கே போகாமலிருப்பது நல்லது.

ஒரு சந்தேகத்தை நீதான் தீர்க்க வேண்டும். இவ்வளவு தட்டையான ஓடு அடியில் வெளிப்புறமாகப் பலமாக உதைக்குமே, அதுவும் இரண்டு பெரிய திறப்புகளோடு? அந்த உதைப்பை அஸ்திவாரம் எப்படித் தாங்கும்? கணக்குப் போட்டு, படம் வரைந்து, எனக்குப் புரியும்படி எழுது. மாதக் கடைசிவரை மகள் வீட்டு முகவரியில்தான் இருப்பேன்.

அன்புடன்,
ராகவன்