அவர்களிடமே கேட்போம்: பெற்றோருக்கு ஒரு கடிதம்

அன்புள்ள பெற்றோருக்கும் பாதுகாவலர்களுக்கும்,

வணக்கம். இந்தத் தவணை மாணவர் தேர்ச்சி அறிக்கையோடு இன்னொரு தாளும் உங்கள் பிள்ளையின் பையில் வரும். அதில் புள்ளி இல்லை, தரவரிசை இல்லை. சில கேள்விகள் மட்டும்தான். இடைவேளையில் யாரோடு இருக்கிறாய்? பாடசாலையில் உனக்குப் பிடித்த இடம் எது, போகப் பயமான இடம் எது? வீட்டில் நீயே முடிவெடுக்கும் விஷயம் ஏதாவது உண்டா? பின்னேரங்களில் எங்கே போக விருப்பம்? பேசவோ எழுதவோ சிரமப்படும் பிள்ளைகளுக்கு இதே கேள்விகளைப் படங்களாக வரைந்திருக்கிறோம். விரலால் தொட்டுக் காட்டினால் போதும்.

எல்லா மாணவர்களுக்கும் இந்தத் தாள் வருகிறது. ஆனால் இதைத் தயாரிக்கும்போது எங்கள் மனதில் முதலில் நின்றவர்கள் ஓட்டிசம் (பேச்சு, பழகும் விதம், புலன்களின் உணர்வு ஆகியவை வேறுபட்டிருக்கும் வளர்ச்சி நிலை), டவுன் சின்ட்ரோம், அறிவு வளர்ச்சிக் குறைபாடு போன்றவற்றோடு வாழும் நம் பிள்ளைகள். விசேட கல்வி அலகில் படிப்பவர்களும் சாதாரண வகுப்புகளில் மற்றவர்களோடு இருப்பவர்களும் இதில் அடக்கம்.

"சேர், இவன் எப்ப மற்றப் பிள்ளைகள் மாதிரி வருவான்?" என் அறைக்கு வரும் தாய் தகப்பன்மார் என்னிடம் அதிகம் கேட்கும் கேள்வி இதுதான். அதன் பின்னால் இருக்கும் வலி எனக்குத் தெரியும். பேச்சுச் சிகிச்சைக்காகவும் பரிசோதனைக்காகவும் பிள்ளையை மடியில் கிடத்திக்கொண்டு திருகோணமலையிலிருந்து இரவு ரயிலில் கொழும்புக்குப் போய் வருகிற குடும்பங்கள் நம்மிடையே இருக்கின்றன. வீதி வழியே பார்த்தாலே சுமார் 260 கிலோமீற்றர் தூரம். தமிழில் பேசிச் சிகிச்சை தருபவர் கிடைப்பதே பெரும்பாடு. அந்த உழைப்பை நான் குறைத்துச் சொல்லமாட்டேன். ஆனால் அந்த ஒரு கேள்வியிலேயே பத்து வருடம் போய்விடுகிறது. பிள்ளைக்கு மீசை அரும்பிவிடுகிறது. இன்றைக்கு இவன் நன்றாக வாழ்கிறானா என்ற கேள்வியை யாரும் கேட்காமலே இருந்துவிடுகிறோம்.

உலக சுகாதார நிறுவனம் வாழ்க்கைத் தரத்தை வரையறுக்கும்போது ஒருவர் தன் பண்பாட்டுக்குள், தன் எதிர்பார்ப்புகளையும் கவலைகளையும் வைத்து, தன் வாழ்க்கை நிலையைத் தானே எப்படி உணர்கிறார் என்பதைத்தான் அளவாக எடுக்கிறது. வைத்தியரோ ஆசிரியரோ கொடுக்கும் மதிப்பெண் அல்ல அது. அமெரிக்க அறிஞர் ராபர்ட் ஷாலக் இதை எட்டுப் பகுதிகளாகப் பிரித்தார்: மன நிம்மதி, உறவுகள், பொருள் வசதி, தன் வளர்ச்சி, உடல்நலம், சுயமாகத் தீர்மானித்தல், சமூகத்தில் இடம், உரிமைகள். தேர்ச்சி அறிக்கையில் நாங்கள் எழுதித் தருவது இந்த எட்டில் ஒன்றின் ஒரு மூலையை மட்டும்தான். மற்ற ஏழு பகுதிகளைப் பற்றியும் நாம் பேச வேண்டாமா?

ஓட்டிசம் உள்ள இளம்பிள்ளைகளிடமும் அவர்களின் பெற்றோரிடமும் ஒரே கேள்விகளைக் கேட்ட ஆய்வுகள் உண்டு. பெற்றோர் கொடுத்த மதிப்பைவிடப் பிள்ளைகள் தங்கள் வாழ்க்கைக்குக் கொடுத்த மதிப்பு பல இடங்களில் கூடுதலாக இருந்தது. பெற்றோரின் கவலை பொய்யென்று இதற்குப் பொருளில்லை. அம்மா இருபது வருடம் தள்ளிப் பார்க்கிறார், பிள்ளை இன்றைய பின்னேரத்தைப் பார்க்கிறது. இரண்டும் வேண்டும். ஆனால் ஒன்றைக் கேட்டுவிட்டு மற்றதை ஊகித்து எழுதினால் அரைவாசிதான் தெரியும்.

பிள்ளைக்குத் துன்பம் இருக்கும் இடத்திலும் அதன் காரணம் நாம் நினைப்பதாக இருப்பதில்லை. படிப்புப் பயம் என்று எண்ணிக்கொண்டிருப்போம், உண்மையில் அது கழிவறையின் ஈரத் தரையாக இருக்கும். காலைக் கூட்டத்து ஒலிபெருக்கி காதில் இரையும், மணி திடீரென்று அடிக்கும்போது உடம்பு தூக்கிவாரிப் போடும். கச்சான் காற்று வீசும் மாதங்களில் வெக்கையும் புழுதியும் போதாதென்று, கஞ்சி போட்ட சீருடைக் கழுத்து தோலை அறுக்கும். நமக்கு அது சின்ன எரிச்சல். ஓட்டிசம் உள்ள பல பிள்ளைகளுக்கு அது தாங்க முடியாத வேதனை. சொல்லத் தெரியாத வேதனை அடியாகவும் அலறலாகவும் வெளியே வரும்போது நாம் அதற்கு "குழப்படி" என்று பெயர் வைக்கிறோம். மழைக்காலத்தில் திடீரென்று விடுமுறை அறிவிக்கும் நாட்களில் பல பிள்ளைகள் கொண்டாடுவார்கள். நாளின் ஒழுங்கைப் பிடித்துக்கொண்டு வாழும் பிள்ளைக்கோ அந்த நாளே குலைந்து போகும்.

ஆகவே அடுத்த தவணையிலிருந்து சில மாற்றங்கள். நீளமாக அடிக்கும் மணிக்குப் பதில் சிறிய மணி. நூலகத்தின் ஒரு பக்கம் எந்த நேரமும் அமைதியாக இருக்கும், எந்தப் பிள்ளையும் அனுமதி கேட்காமல் அங்கே போய் அமரலாம். கன்ரீன் வரிசையில் நெரிசல் பிடிக்காதவர்கள் சற்று முன்னதாக வரலாம். அன்றைய நாளின் வேலைகள் படமாக வகுப்புச் சுவரில் இருக்கும். கழுத்து இறுக்கமில்லாத சீருடை வேண்டுமென்றால் எனக்கு ஒரு வரி எழுதி அனுப்புங்கள், நான் ஒப்புதல் தருகிறேன்.

படங்களைக் காட்டிப் பழக்கினால் பிள்ளை பேசாமலே இருந்துவிடுமோ என்று சிலர் பயப்படுகிறீர்கள். அப்படி ஆவதில்லை என்பதுதான் ஆராய்ச்சிகள் காட்டுவது. சில பிள்ளைகளுக்குப் படம்தான் பேச்சுக்கே வழி திறந்திருக்கிறது. அதேபோல இன்னொன்றையும் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். ஓட்டிசம் தடுப்பூசியால் வருவதில்லை. அப்படி ஒரு சந்தேகத்தைக் கிளப்பிய 1998ஆம் ஆண்டுக் கட்டுரையை வெளியிட்ட லான்செட் மருத்துவ இதழே 2010இல் அதைத் திரும்பப் பெற்றுவிட்டது. தாயின் வளர்ப்பாலும் வருவதில்லை, செய்வினையாலும் வருவதில்லை. மாமியார் வீட்டிலும் அயலிலும் ஒரு தாயின் தலையில் இந்தப் பழியைக் கட்டுவதை இனியாவது நிறுத்துங்கள். இலங்கையில் ஓர் அரைநகர்ப் பகுதியில் சின்னக் குழந்தைகளிடம் நடத்தி 2009இல் வெளியான ஆய்வு, 93 பேரில் ஒருவருக்கு ஓட்டிசம் இருப்பதாகக் கண்டது. நம் பகுதியிலும் ஏறத்தாழ அப்படியே இருந்தால் ஆயிரம் பிள்ளைகள் படிக்கும் பாடசாலையில் பத்துப் பேரளவில் இருப்பார்கள். நான் சொல்வது யாரோ நாலு வீட்டு விஷயமல்ல.

பெண்பிள்ளைகளைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே எழுத வேண்டும், ஏனென்றால் இதை மேடையில் பேச எல்லோரும் தயங்குகிறோம். விசேட தேவையுள்ள பெண்பிள்ளை பெரியபிள்ளை ஆனதும் சாமத்தியச் சடங்கு நடக்கிறது, படம் எடுக்கிறார்கள், அதோடு பாடசாலை வருவது நின்றுவிடுகிறது. "பாதுகாப்புக்காக, சேர்" என்று சொல்கிறீர்கள். உங்கள் பயத்துக்குக் காரணம் உண்டு. ஆனால் வீட்டுக்குள் பூட்டி வைத்த பிள்ளைக்குத் தன்னைக் காக்கும் வழி எப்படித் தெரியும்? தன் உடம்பின் எந்தப் பகுதியை யாரும் தொடக்கூடாது, யார் தொட்டால் யாரிடம் சொல்ல வேண்டும், மாதவிடாய் நாட்களில் துணியை எப்படி மாற்றுவது, கதவை எப்போது சாத்துவது, இவற்றைப் படிப்படியாக, படம் காட்டி, திரும்பத் திரும்பச் சொல்லித்தான் பழக்க வேண்டும். அதற்கு எங்கள் ஆசிரியைமார் ஆயத்தமாக இருக்கிறார்கள். தாய்மார் வந்து கூடவே இருந்து பார்க்கலாம். 5 வயது முதல் 16 வயது வரை கல்வி இந்த நாட்டில் கட்டாயம், அந்தச் சட்டம் உங்கள் மகளுக்கும் உரியது. அவளைத் திரும்ப அனுப்புங்கள். இது நான் உங்களிடம் வைக்கும் வேண்டுகோள்.

சரி, இப்போது மற்றப் பெற்றோருக்கு. உங்கள் பிள்ளைக்கு எந்தக் குறைபாடும் இல்லாமலிருக்கலாம். இந்தக் கடிதம் உங்களுக்கும்தான், ஒருவேளை உங்களுக்குத்தான் கூடுதலாக. மேலே சொன்ன எட்டில் உறவுகள், சமூகத்தில் இடம் என்ற இரண்டையும் வைத்தியரால் தர முடியாது, பாடசாலையாலும் முழுதாகத் தர முடியாது. அது உங்கள் கையில் இருக்கிறது. வகுப்பில் எல்லோரையும் பிறந்தநாளுக்கு அழைத்துவிட்டு ஒரு பிள்ளையை மட்டும் விட்டுவிடாதீர்கள். கேக் வெட்டும்போது அவன் மேசையைத் தட்டலாம், சத்தம் தாங்காமல் முற்றத்தில் போய் நிற்கலாம். நிற்கட்டும், ஒன்றும் குறைந்துவிடாது. முன்கூட்டியே அவன் அம்மாவிடம் "அவனுக்கு எது பிடிக்கும், எது பிடிக்காது?" என்று கேட்டுவிட்டால் பாதிப் பிரச்சினை அங்கேயே தீர்ந்துவிடும். "அந்தப் பிள்ளையோடு சேராதே" என்று வீட்டில் சொல்லும் ஒரு வசனம் அடுத்த நாள் காலை வகுப்பறையில் கேலியாக வந்து நிற்கிறது. ஓட்டிசம் உள்ள வளரிளம் பிள்ளைகளிடம் பதகளிப்பு என்னும் மனப்பதற்றம் மிக அதிகமாகக் காணப்படுகிறது. கேலியும் தனிமையும் அதை இன்னும் கூட்டுகின்றன.

அபாரமான ஞாபகசக்தி, அழகான ஓவியம் என்று ஏதாவது திறமை இருந்தால்தான் இப்படிப்பட்ட பிள்ளைகளை ஊர் கொண்டாடுகிறது. திறமை இருந்தால் சந்தோஷம்தான். ஆனால் எந்தத் தனித்திறமையும் இல்லாத ஒரு பிள்ளைக்கும் இந்த ஊரில் மற்றவர்களுக்கு இருக்கும் அதே இடம் உண்டு. அதை அது சம்பாதித்துக் காட்டத் தேவையில்லை.

ஊர் என்றேன். திருமலையில் நமக்குக் கடல் இருக்கிறது, திறந்த வெளி இருக்கிறது. டச்சுக்குடாக் கடற்கரையில் பின்னேரம் அலையில் கால் நனைத்து நிற்பது பல பிள்ளைகளுக்கு எந்த மருந்தும் தராத அமைதியைத் தருகிறது. கோட்டைப் பக்கம் மேயும் மான்களைப் பார்க்கத் தினமும் போக வேண்டும் என்று அடம்பிடிக்கும் பிள்ளையும் நம்மிடம் உண்டு. கூட்டிப் போங்கள். யாராவது முறைத்துப் பார்த்தால் பார்க்கட்டும், தொடர்ந்து கண்டால்தான் ஊருக்கும் பழகும். கோணேசர் திருவிழா, தேவாலயப் பெருநாள், பள்ளிவாசல் என்று எங்கே போனாலும் சத்தமும் கூட்டமும் குறைந்த நேரம் ஒன்று உண்டு. நிருவாகத்தினரிடம் கேட்டால் சொல்வார்கள். பிரம்படியும் சங்கிலியும் போட்டுப் பேயோட்டும் இடங்களுக்கு மட்டும் தயவுசெய்து கொண்டுபோகாதீர்கள்.

பாடசாலை முடிந்த பின்? பதினாறு வயதுக்குப் பிறகு பல பிள்ளைகள் வீட்டு விறாந்தையிலேயே தங்கிவிடுவதுதான் என்னை அதிகம் வருத்துவது. அதற்கான ஆயத்தத்தைப் பதின்மூன்று வயதிலேயே தொடங்க வேண்டும். கடைக்குப் போய் மிச்சக் காசு வாங்குவது, உப்புவெளி பஸ்ஸில் ஏறிச் சரியான இடத்தில் இறங்குவது, தேநீர் போடுவது, துணி மடிப்பது, இவை எங்கள் பாடத்திட்டத்தில் இனிக் கணிதத்துக்குச் சமமான இடத்தில் இருக்கும். சமூக சேவைகள் திணைக்களத்தின் தொழிற்பயிற்சி நிலையங்கள் உண்டு. வருமானம் குறைந்த குடும்பங்களுக்கு மாதாந்தக் கொடுப்பனவும் உண்டு. பிரதேச செயலகத்தில் சமூக சேவை உத்தியோகத்தரைச் சந்தியுங்கள், தேவையான கடிதத்தை நான் தருகிறேன். அரச வேலை வெற்றிடங்களில் 3 வீதத்தை மாற்றுத்திறனாளிகளுக்கு ஒதுக்க வேண்டுமென்ற சுற்றறிக்கை 1988இலேயே வந்தது. அவர்களின் உரிமைகளைப் பாதுகாக்கும் 1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டம் கல்வியிலும் வேலையிலும் பாகுபாட்டைத் தடை செய்கிறது. மாற்றுத்திறனாளிகளின் உரிமைகள் பற்றிய ஐக்கிய நாடுகளின் 2006ஆம் ஆண்டுச் சமவாயத்தை இலங்கை 2016இல் ஏற்று உறுதிப்படுத்தியது. அதன் 7ஆம் உறுப்புரை, தங்களைப் பாதிக்கும் எந்த விஷயத்திலும் கருத்துச் சொல்லும் உரிமை இந்தப் பிள்ளைகளுக்கும் உண்டு என்கிறது. இந்தத் தாளை நாங்கள் அச்சடித்ததற்கு அதுவே ஆதாரம்.

வீட்டில் தொடங்க ஒரு வழி சொல்கிறேன். தினமும் இரண்டு பொருளை முன்னால் வைத்து ஒன்றைத் தெரிவு செய்யச் சொல்லுங்கள். நீலச் சட்டையா பச்சைச் சட்டையா, இடியப்பமா பாணா. தெரிவு செய்ததை மாற்றாமல் கொடுங்கள். சாப்பாட்டையும் உடுப்பையும் தூக்க நேரத்தையும் பிறரே முடிவு செய்து வளர்ந்த பிள்ளையிடம் பதினெட்டு வயதில் திடீரென்று "உனக்கு என்ன விருப்பம்?" என்றால் என்ன பதில் வரும்?

அக்கா, அண்ணாமாரைப் பற்றி ஒரு வார்த்தை. "எங்களுக்குப் பிறகு நீதான் இவனைப் பார்க்க வேண்டும்" என்று பத்து வயதுப் பிள்ளையிடம் சொல்லி வைக்காதீர்கள். அந்தப் பாரத்தோடு அந்தப் பிள்ளை வகுப்பில் இருப்பதை நாங்கள் பார்க்கிறோம். அம்மாமாருக்கும் வாரத்தில் ஒரு பின்னேரமாவது ஓய்வு வேண்டும், அதை அப்பாமார் ஏற்பாடு செய்யுங்கள்.

படிவத்தைப் பிள்ளையோடு இருந்து நிரப்புங்கள், பிள்ளைக்காக நிரப்ப வேண்டாம். சொன்னதை அப்படியே எழுதுங்கள், அழகுபடுத்த வேண்டாம். "ரியூசன் பிடிக்காது" என்றாலும், "அதிபரைப் பிடிக்காது" என்றாலும் எழுதுங்கள். பதிலே வரவில்லையென்றால் அதையும் எழுதுங்கள், விசேட கல்வி ஆசிரியர் வேறு வழியில் கேட்டுப் பார்ப்பார். தவணை விடுமுறை முடிந்து பாடசாலை தொடங்கும் முதல் வாரத்துக்குள் வகுப்பாசிரியரிடம் கொடுத்துவிடுங்கள். எழுதக் கஷ்டமானவர்கள் காலைக் கூட்டம் முடிந்தபின் என் அறைக்கு நேரே வரலாம். கிண்ணியா, மூதூர்ப் பக்கத்திலிருந்து வருபவர்கள் பஸ் நேரத்தை முதலே சொல்லிவிட்டால் காத்திருக்காமல் பார்க்க ஒழுங்கு செய்வேன். பிள்ளையையும் கூட்டிக்கொண்டு வாருங்கள்.

அன்புடன்,
அதிபர்