கைக்கடிகாரம் செப்பனிடும் தொழிலுக்குக் கோவையில் ஒரு பயிற்சி வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வெளிநாட்டு ஏலங்களில் கைக்கடிகாரங்கள் விலைபோகும் செய்தி நாளிதழ்களில் அடிக்கடி வருகிறது. ஜெனீவாவில் 2019இல் படேக் பிலிப் நிறுவனத்தின் கைக்கடிகாரம் ஒன்று 3.1 கோடி சுவிஸ் பிராங்குக்கு ஏலம் போனதை இன்றும் பேசுகிறார்கள். ஆனால், அத்தகைய கடிகாரத்தின் உள்ளே என்ன வேலை நடக்கிறது, வாங்கிய பிறகு அதைப் பராமரிப்பவர் யார் என்பதைப் பற்றிப் பேச்சே எழுவதில்லை. கோவை, திருப்பூர், ஈரோடு, கரூர் வட்டாரங்களில் அபூர்வமான மெக்கானிக்கல் கடிகாரங்களைத் தேடிச் சேர்ப்போர் பெருகி வருகிறார்கள். நானும் அவர்களில் ஒருவன் என்ற உரிமையில் இதை எழுதுகிறேன்.

எங்களை இழுப்பது தங்கமோ வைரமோ அல்ல. நிரந்தர நாள்காட்டி கொண்ட ஒரு கடிகாரத்தை எடுத்துக்கொள்வோம். பேட்டரி இல்லாமல், வெறும் பல்சக்கரங்களையும் நெம்புகோல்களையும் கொண்டு, எந்த மாதத்துக்கு எத்தனை நாள் என்பதையும் நான்காண்டுக்கு ஒருமுறை வரும் பிப்ரவரி 29ஐயும் அது தானே கணக்கிட்டுக்கொள்கிறது. அதன் வழக்கமான அமைப்பில், சிறு சக்கரம் ஒன்றின் விளிம்பில் 48 மாதங்களுக்கும் உரிய மேடு பள்ளங்கள் வெட்டப்பட்டிருக்கும்; நெம்புகோலின் மூக்கு அந்தப் பள்ளத்தில் எவ்வளவு ஆழம் இறங்குகிறதோ, அதைப் பொறுத்து மாதக் கடைசியில் தேதி எத்தனை நாளைத் தாண்ட வேண்டும் என்பது முடிவாகிறது. 2100ஆம் ஆண்டு லீப் ஆண்டு அல்ல என்பதால், இவ்வகைக் கடிகாரங்களில் பெரும்பாலானவற்றை அந்த ஆண்டு மார்ச் முதல் தேதி கையால் திருத்த வேண்டியிருக்கும். நேரத்தை மணியடித்துச் சொல்லும் மினிட் ரிபீட்டர் வகையோ இன்னும் நுட்பமானது. பன்னிரண்டு மணி ஐம்பத்தொன்பது நிமிடத்தில் அதை இயக்கினால் மணிக்கு 12 அடி, கால் மணிகளுக்கு 3 இரட்டை அடி, மீதமுள்ள நிமிடங்களுக்கு 14 அடி என்று வரிசை பிசகாமல் அடித்து ஓயும்.

இத்தனை வேலைப்பாடும் ஒரே இரவில் பாழாகக்கூடும். இரவு 9 மணிக்கும் அதிகாலை 3 மணிக்கும் இடைப்பட்ட நேரத்தில் இந்த நாள்காட்டிச் சக்கரங்கள் ஒன்றோடொன்று கவ்விக்கொண்டிருக்கும். அந்நேரத்தில் தேதியை மாற்ற முயன்றால் பல் உடையும். திருப்பூரில் பின்னலாடைத் தொழில் செய்யும் நண்பர் ஒருவரின் கடிகாரத்துக்கு ஒரு பழுதுபார்ப்புக் கடையில் இதுதான் நேர்ந்தது. அதை வெளிநாட்டுக்கு அனுப்பித் திரும்பப் பெறுவதற்குள் அவர் பட்ட அலைச்சல் கொஞ்சமல்ல. அதற்காக அந்தக் கடைக்காரரை நான் குறைகூற மாட்டேன். அவருக்குச் சொல்லித்தர ஆளே இல்லை.

நம் ஊரில் இந்தத் தொழில் இல்லாமல் இருந்ததில்லை. ஜப்பானின் சிட்டிசன் நிறுவனத்தின் ஒத்துழைப்போடு 1961இல் பெங்களூரில் பொதுத்துறை நிறுவனமான எச்.எம்.டி. கைக்கடிகாரத் தயாரிப்பைத் தொடங்கிய பிறகு, சாவி கொடுக்கும் ஜனதா வாட்ச் வாத்தியார் முதல் மில் தொழிலாளி வரை எல்லோர் கையிலும் ஏறியது. கோவை டவுன்ஹால் பகுதியில் கண்ணாடிப் பெட்டிக்குப் பின்னால் ஒற்றைக் கண்ணில் லென்ஸைச் செருகிக்கொண்டு, மயிரிழை போன்ற ஹேர்ஸ்பிரிங்கை இடுக்கியால் நேர்படுத்தும் பெரியவர்களை என் தலைமுறையினர் நன்கு அறிவோம். குவார்ட்ஸ் கடிகாரம் வந்தபின் அவர்களுடைய வேலை பேட்டரி மாற்றுவதாகவும் பட்டை மாற்றுவதாகவும் சுருங்கியது. பிள்ளைகள் செல்போன் பழுதுபார்க்கப் போய்விட்டார்கள். எச்.எம்.டி.யின் கடிகாரப் பிரிவை மூட 2016இல் மத்திய அரசு முடிவெடுத்தது. இன்று அந்தப் பழைய கடிகாரங்களின் டயலுக்குப் புதுப் பெயின்ட் அடித்து, வேறு வேறு கடிகாரங்களின் பாகங்களைச் சேர்த்து, அபூர்வப் பொருள் என்று விற்கிறார்கள். டயலின் அடியில் உள்ள சிறிய எழுத்துகள் தடித்தோ கோணலாகவோ இருந்தால் வாங்குவோர் சந்தேகப்பட வேண்டும். இதைப் பார்த்த மாத்திரத்தில் சொல்லிவிடக்கூடிய கைகள் குறைந்துவிட்டதால்தான் இந்த வியாபாரம் செழிக்கிறது.

சுவிட்சர்லாந்து உள்ளிட்ட நான்கு ஐரோப்பிய நாடுகளின் கூட்டமைப்பான எஃப்டாவுடன் இந்தியா செய்த வர்த்தக ஒப்பந்தம் 2025 அக்டோபர் முதல் தேதி நடைமுறைக்கு வந்துள்ளதால், சுவிஸ் கைக்கடிகாரங்களுக்கான சுங்க வரி ஆண்டுதோறும் படிப்படியாகக் குறையும். வந்து இறங்கும் கடிகாரங்கள் கூடும்போது அவற்றைத் திறந்து, கழுவி, எண்ணெய் இட்டு, திரும்பப் பூட்டத் தெரிந்தவர்களும் வேண்டுமல்லவா? சுவிட்சர்லாந்தில் இதற்கென்றே வோஸ்டெப் என்ற பயிற்சி நிறுவனம் 1966 முதல் இயங்குகிறது. மெக்கானிக்கல் கடிகாரம் செய்யும் கைத்திறனை 2020இல் யுனெஸ்கோ மரபுச் செல்வப் பட்டியலில் சேர்த்தது. 1937இலேயே மின் மோட்டார் செய்து காட்டிய ஊர் கோவை. ஆலைத் தொழிலுக்கென்று 1956இல் சிட்ரா ஆராய்ச்சி நிலையத்தைக் கண்ட ஊர். மைக்ரான் கணக்கில் லேத் ஓட்டும் பிள்ளைகள் கணபதியிலும் பீளமேட்டிலும் இருக்கும்போது, இந்த வேலைக்கு ஆள் கிடைக்காது என்று சொல்ல நியாயமில்லை.

ஆகவே, கோவை அரசு தொழிற்பயிற்சி நிலையத்திலோ பாலிடெக்னிக் ஒன்றிலோ கைக்கடிகாரப் பழுதுநீக்கப் பயிற்சியைத் தொடங்க அரசும் தொழில் அமைப்புகளும் முன்வர வேண்டுகிறேன். முதலில் ஜனதா போன்ற எளிய கடிகாரத்தைக் கழற்றிப் பூட்டக் கற்பித்து, கை தேறியவர்களை கை அசைவிலேயே சாவி ஏறும் ஆட்டோமேட்டிக், நொடிகளை நிறுத்தி அளக்கும் குரோனோகிராப், நாள்காட்டி வகைகளுக்கு அழைத்துச் செல்லலாம். இன்னும் தொழிலில் இருக்கும் மூத்தவர்களையே ஆசிரியர்களாக அமர்த்தி, தக்க ஊதியம் தர வேண்டும். பயிற்சிக்கான பழைய கடிகார மெஷின்களையும் கருவிகளுக்கான செலவில் ஒரு பங்கையும் கொடுக்க என்னைப் போன்ற சேகரிப்பாளர்கள் ஆயத்தமாக இருக்கிறோம்.

இப்படிக்கு,
தங்கள் நீண்டநாள் வாசகர்,
கோயம்புத்தூர்.