'எடை போடுவதோடு சரி' என்று எழுதியவருக்கு

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். போன ஞாயிறு உங்கள் இணைப்பிதழில் பிளே ஸ்கூல்களில் குழந்தைகளின் வளர்ச்சியை ஆல்பம் போட்டுக் கொடுப்பதைப் பற்றி இரண்டு பக்கக் கட்டுரை வந்திருந்தது. நன்றாகத்தான் இருந்தது, வழுவழு படங்கள் வேறு. கடைசிப் பத்தியில் போகிற போக்கில் ஒரு வரி: "அங்கன்வாடிகளில் எடை போடுவதோடு சரி." அந்த வரியைப் படித்த பிறகு காபி இறங்கவில்லை.

நான் விருதுநகர் மாவட்டத்துக் கிராமம் ஒன்றில் 29 வருடம் அங்கன்வாடிப் பணியாளராக இருந்து ஓய்வு பெற்றவள். எடை போடுவதோடு சரியாம். எடை போடுவது என்றால் என்னவென்று கட்டுரையாளர் ஒரு தடவையாவது பார்த்திருப்பாரா? நான் சேர்ந்த புதிதில் தொங்கு தராசுதான். உத்தரத்துக் கொக்கியில் தராசை மாட்டி, பிள்ளையைத் தொட்டிலில் வைத்தால் அது வீலென்று கத்தி காலை உதைக்கும், முள் ஓரிடத்தில் நிற்காது, பாட்டி பக்கத்தில் நின்றுகொண்டு "எம்பேரனுக்குக் கண்ணு பட்டுரும், எடை போடாதே" என்பார். அதற்கு நடுவில் கிலோவைப் படித்து வளர்ச்சி அட்டையில் புள்ளி வைக்க வேண்டும், பின்னாளில் பெண் என்றால் இளஞ்சிவப்பு அட்டை, பையன் என்றால் நீலம் என்று வந்தது. புள்ளி சரியான எடையைக் காட்டும் பச்சைப் பட்டையிலிருந்து குறைந்த எடையைக் காட்டும் மஞ்சளுக்கு இறங்கிவிட்டால் எனக்கு அன்று ராத்திரி தூக்கம் கிடையாது. மிகக் குறைவைக் காட்டும் ஆரஞ்சு என்றால் அடுத்த நாள் காலையில் அந்த வீட்டு வாசலில் நிற்பேன். இதுதான் ஐயா "அதோடு சரி".

குழந்தை எந்த மாதத்தில் என்ன செய்யும் என்று பார்ப்பது மேலை நாட்டிலிருந்து வந்த பழக்கம் என்றும் எழுதியிருக்கிறார். பிள்ளைத்தமிழில் ஐந்தாம் மாதம் தலை நிமிர்த்தி ஆடும் செங்கீரை, ஒன்பதாம் மாதம் கை தட்டும் சப்பாணி என்று வரிசையாக வைத்துப் பாடியிருக்கிறார்களே, உங்கள் பத்திரிகைக்குத் தெரியாததா? பல் முளைத்தால் பல்லுக் கொழுக்கட்டை செய்த ஊர் இது. சரி, பழசு வேண்டாம். கர்ப்பிணிகளுக்குக் கொடுக்கும் தாய் சேய் அட்டையைத் திறந்து பார்க்கச் சொல்லுங்கள். தலை நிற்பது, உட்காருவது, நடப்பது எல்லாம் எந்த வயதில் என்று அதில் படம் போட்டே இருக்கிறது.

என் விஷயத்துக்கு வருகிறேன். எங்கள் ஊர்ப் பெண்களில் பாதிப்பேர் ஃபயர் ஆபீஸ் என்கிற பட்டாசு ஆலைக்கும் தீப்பெட்டி ஆபீஸுக்கும் வேலைக்குப் போகிறவர்கள். விடிந்தும் விடியாமலும் வேன் வந்துவிடும், திரும்பி வர இருட்டிவிடும், தீபாவளி சீசன் என்றால் கேட்கவே வேண்டாம். இரண்டு வயது முடிந்த பிள்ளைகள்தான் மையத்துக்கு வருவார்கள் என்றாலும், அக்கா இடுப்பில் தம்பியும் வந்துவிடுவான், துரத்தவா முடியும்? அதனால் நான் கைக்காசில் 192 பக்க நோட்டு ஒன்று போட்டேன். யார் என்றைக்கு எழுந்து நின்றது, யார் முதலில் என்ன சொன்னது, யார் முட்டையின் மஞ்சள் கருவைத் துப்பாமல் தின்றது, யார் செருப்பை இடம் வலம் மாற்றாமல் போட்டது எல்லாம் தேதியோடு எழுதுவேன். ஒரு தடவை ஆய்வுக்கு வந்த அம்மா அதைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "ரிஜிஸ்டர் மொத்தம் 11 தானே, இது எங்கிருந்து வந்தது?" என்றார். ரிஜிஸ்டர் இல்லைம்மா, சும்மா எழுதுகிறேன் என்றேன். "சும்மா எழுத நேரம் இருக்கா உங்களுக்கு?" என்று கேட்டுவிட்டுப் போனார். அன்றைக்குத்தான் வாக்காளர் பட்டியலைத் தூக்கிக்கொண்டு வீடு வீடாக அலைந்துவிட்டு வந்து உட்கார்ந்திருந்தேன். எங்களுக்குத் தருவதற்குச் சிறப்பு காலமுறை ஊதியம் என்று பெயர். அதில் என்ன சிறப்பு என்று ஓய்வு பெறும்வரை தேடிப் பார்த்துவிட்டேன்.

போன மாதம் ஒரு பெண் தன் மகளின் வளைகாப்புக்கு அழைக்க வந்தாள். பத்திரிகையை வைத்துவிட்டுப் போகாமல் நின்றாள். "டீச்சர், எம்புள்ள எப்போ நடந்துச்சு? நான் பாக்கவே இல்லையே." கரையான் தின்றது போக மிச்சம் இருந்த நோட்டுகளில் தேடினேன். 2004 ஆகஸ்ட் 12, வியாழக்கிழமை, சாப்பாட்டு நேரம், அரிசி மூட்டையைப் பிடித்துக்கொண்டு நின்றவள் கையை விட்டு மூன்று எட்டு வைத்தாள், தட்டைப் பார்த்துத்தான் வந்தாள் என்று எழுதியிருந்தேன். அவள் அந்தப் பக்கத்தை செல்போனில் படம் எடுத்துக்கொண்டாள். பிறகு, "தட்டப் பாத்தா? இப்பவும் அப்படித்தான்" என்று சிரித்தாள்.

இப்போது ஆல்பத்துக்கு வருகிறேன். என் பேத்தி மதுரையில் ஒரு பிளே ஸ்கூலில் படித்தாள். வருடக் கடைசியில் 1,500 ரூபாய் வாங்கிக்கொண்டு கொடுத்தார்கள். "என் முதல் வார்த்தை" என்ற பக்கத்தில் "அம்மா" என்று அச்சடித்தே வந்திருந்தது, எல்லாப் பிள்ளைக்கும் அதே. என் பேத்தி முதலில் சொன்னது "காக்கா". ஒரு பக்கத்தில் இருந்தது வேறு யாரோ ஒரு பிள்ளை. இதில் என் பேத்தி அழுதுகொண்டு சோறு தின்னும் படத்தை ஃபேஸ்புக்கில் போட்டு, கீழே அட்மிஷனுக்கு போன் நம்பர். 18 வயதுக்குக் கீழே உள்ளவர்களின் தகவலைக் கையாளப் பெற்றோர் சம்மதம் வேண்டும் என்று 2023-இல் சட்டமே வந்ததே, உங்கள் பத்திரிகையிலும் போட்டிருப்பீர்கள். அதையும் அந்த இரண்டு பக்கத்தில் ஒரு மூலையில் சேர்த்திருக்கலாம்.

இன்னொன்று, "பணியாளர்கள் செல்போனும் கையுமாக இருக்கிறார்கள்" என்று முன்பு ஒருமுறை உங்கள் நிருபரே எழுதினார். 2021-இலிருந்து உயரம், எடை, வருகை எல்லாம் போஷன் டிராக்கர் என்ற அரசுச் செயலியில்தான் ஏற்ற வேண்டும். இப்போது வீட்டுக்குச் சத்துமாவு கொடுக்கவே தாயின் முகத்தைப் படம் பிடித்துச் சரிபார்க்க வேண்டும் என்கிறாள் எனக்குப் பிறகு வந்த பெண். டவர் கிடைக்காமல் வேப்பமரத்தடியில் போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நிற்பவளைப் பார்த்தால் உங்களுக்கு விளையாடுவது போலத்தான் தெரியும்.

நான் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. அந்த வரிக்கு ஒரு திருத்தம் போடுங்கள். கூடவே, "அங்கன்வாடிக் குழந்தைகள்" என்று போட்ட படத்தில் இருப்பவர்கள் சீருடையும் டையும் அணிந்து பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறார்கள், அதையும் திருத்துங்கள். அப்புறம், ஜனவரியில் நீங்கள் விற்கும் டைரிகளில் மீந்தது இருந்தால் பத்துப் பதினைந்து அனுப்பி வையுங்கள், எங்கள் பக்கத்து மையங்களுக்குக் கொடுக்கிறேன். பழைய வருடம் என்றாலும் பரவாயில்லை, தேதியை அடித்து எழுதிக்கொள்வோம்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற அங்கன்வாடிப் பணியாளர்,
விருதுநகர் மாவட்டம்