அந்தக் கதவைத் திறந்து வையுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

என் மகனுக்கு ஒன்பது வயது. ஆட்டிசம். மூன்றரை வயதில் முதலில் சேர்த்த தெரபி மையத்தில் பெற்றோரை உள்ளே விட மாட்டார்கள். ஒன்றரை வருடம் வாசல் பெஞ்சில் உட்கார்ந்து அவன் அழுவதைக் கேட்டிருக்கிறேன். ஒருநாள் ஜன்னல் வழியாகப் பார்த்தேன். "என்னைப் பார்" என்கிறார்கள். பார்த்தால் ஒரு சிப்ஸ். கையை உதறினால் பிடித்து மடியில் அமுக்குகிறார்கள். கேட்டதற்கு, "வாரம் 40 மணி நேரம் செய்யணும், அமெரிக்காவில் நிரூபித்த முறை" என்றார்கள்.

அது 1987-ல் அமெரிக்க உளவியலாளர் லோவாஸ் வெளியிட்ட ஆய்வு. அதில் அதட்டலும், சில நேரம் தொடையில் அடியும்கூட இருந்தன. ஆட்டிசப் பயிற்சித் துறையே அதை விட்டு வெகுதூரம் வந்துவிட்டது என்பது பிறகுதான் எனக்குத் தெரிந்தது.

இப்போதுள்ள ஸ்பெஷல் எஜுகேட்டர் முதல் நாளே ஒரு நோட்டு வாங்கச் சொன்னார். அவன் தலையில் அடித்துக்கொள்ளும்போதெல்லாம், அதற்கு முன் என்ன நடந்தது, அப்புறம் நான் என்ன செய்தேன் என்று எழுத வேண்டும். பத்தே நாளில் புரிந்துவிட்டது. பெரும்பாலும் காலை ஏழரை மணி, குக்கர் விசில். அடித்துக்கொண்டால் நான் அவனைத் தூக்கிக்கொண்டு மொட்டைமாடிக்கு ஓடுவேன். சத்தத்திலிருந்து தப்பிக்க அவனுக்குத் தெரிந்த ஒரே வழி அதுதான். அதைப் பிடிவாதம் என்று எத்தனை முறை திட்டியிருக்கிறேன்! மாடிப்படி படம் ஒட்டிய அட்டை ஒன்றைக் கொடுத்தோம். அதை நீட்டினால் உடனே மாடி. மூன்றாவது வாரம் தானாகவே நீட்டினான். இப்படி, அடித்துக்கொள்வதற்குப் பதிலாகக் கேட்கக் கற்றுத்தரலாம் என்று எட்வர்ட் கார், மார்க் டுராண்ட் என்ற ஆய்வாளர்கள் 1985-லேயே எழுதியிருக்கிறார்கள். என் பிள்ளை பிறப்பதற்கு முப்பது வருடம் முன்பு.

சிப்ஸும் போய்விட்டது. "ஆட்டு" என்று சொன்னால் ஊஞ்சல் ஆடும், அதுவே பரிசு. கையை உதறுவதை யாரும் தடுப்பதில்லை. சந்தோஷம் வந்தால் உதறுவான், அவ்வளவுதான்.

எல்லாவற்றையும்விட, இப்போது நான் அறைக்குள் இருக்கிறேன். கோவாவிலும் பாகிஸ்தானின் ராவல்பிண்டியிலும் ஆட்டிசம் உள்ள 65 குழந்தைகளை வைத்து நடந்த ஆய்வு 2016-ல் வெளியானது. அங்கே பெற்றோருக்குச் சொல்லிக்கொடுத்தவர்கள் பெரிய நிபுணர்கள் இல்லை, பயிற்சி பெற்ற சாதாரண சுகாதாரப் பணியாளர்கள். பிள்ளையோடு விளையாடுவதை வீடியோ எடுத்து, பெற்றோருக்கே போட்டுக் காட்டினார்கள். பெற்றோர் பிள்ளையின் போக்கிலேயே போகக் கற்றார்கள். பிள்ளைகளும் தாங்களாக முன்வந்து பழகுவது கூடியது.

நம் ஊரில் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரையோடு வீடு தேடிப் பணியாளர்கள் வருகிறார்கள். அவர்களில் சிலருக்காவது இந்தப் பயிற்சியை அரசு கொடுக்க வேண்டும். மாதம் ஆயிரக்கணக்கில் கட்ட முடியாத அம்மாக்கள் எங்கள் தெருவிலேயே இரண்டு பேர் இருக்கிறார்கள்.

பிள்ளையைப் புதிதாகச் சேர்க்கப்போகும் பெற்றோர், பணம் கட்டும் முன் "நானும் உள்ளே உட்காரலாமா?" என்று கேளுங்கள். முடியாது என்றால் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு கிளம்பிவிடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு தாய்,
திண்டுக்கல்.