மணியாச்சு

அன்புள்ள கண்ணு,

போனில் சொன்னால் பாதியிலேயே "சரிம்மா, சரிம்மா" என்று முடித்துவிடுவாய். அதனால்தான் எழுதுகிறேன். பார்சலில் பருப்புப் பொடி, காட்டன் சாக்ஸ் ஆறு ஜோடி, வெள்ளை முனை டியூப் 60, அப்புறம் ஒரு மடித்த காகிதமும் இருக்கும். அந்தக் காகிதத்தை இப்போது பிரிக்காதே, முதலில் இதைப் படி.

செவ்வாய்க்கிழமை ராத்திரி தலைவலி வந்து சாப்பிடாமல் படுத்துவிட்டதை வியாழக்கிழமைதான் சொன்னாய், அதுவும் பேச்சோடு பேச்சாக. சளிதான் என்று டாக்டரும் சொல்லிவிட்டார், சரி. தலைவலி போய்விட்டது. நீ சொன்ன ஒரு வார்த்தை மட்டும் என்னைவிட்டுப் போகவில்லை. "ரூம்ல யாருக்கும் எதுவும் தெரியாதும்மா. வயிறு சரியில்லைன்னு சொல்லிச் சமாளிச்சுக்குவேன்." அதைச் சொல்லும்போது உன் குரலில் ஒரு பெருமை இருந்தது. அந்தப் பெருமையை உனக்குச் சொல்லிக்கொடுத்தவள் நான்தான்.

நம் வீட்டில் "மணியாச்சு" என்றால் என்ன என்று நாம் நாலு பேருக்குத்தான் தெரியும். டியூப் போட்டுச் சிறுநீர் எடுக்க நேரமாகிவிட்டது என்று அர்த்தம். கல்யாணப் பந்தியில், பஸ்ஸில், பெரியம்மா வீட்டில், எங்கே இருந்தாலும் நான் வாட்சைப் பார்த்து "மணியாச்சு" என்பேன், நீ எழுந்துவருவாய். யாராவது கேட்டால் மாத்திரை நேரம் என்பேன். நாலு வயதில் நீயே கூட்டத்துக்கு நடுவில் என் முந்தானையை இழுத்து "அம்மா, மணி" என்று காதோடு சொன்னாய். எவ்வளவு சமர்த்து என்று உன்னைத் தூக்கி முத்தம் கொடுத்தேன். இப்போது அதை நினைத்தால் வயிற்றைப் பிசைகிறது. எதையெல்லாம் மறைக்க வேண்டும் என்று நாலு வயதுக் குழந்தைக்குத் தெரிந்திருந்தது.

நான் ஏன் அப்படி ஆனேன் என்று உனக்கு முழுதாகச் சொன்னதில்லை. நீ பிறந்தது 2006 மே மாதம், கத்திரி வெயில். இடுப்புக்குக் கொஞ்சம் மேலே, எலுமிச்சை அளவில், மெல்லிய தோல் மூடிய ஒரு கட்டி இருந்தது. ஸ்பைனா பைஃபிடா என்று டாக்டர் காகிதத்தில் படம் போட்டுக் காட்டினார். முதுகெலும்பு அந்த இடத்தில் மூடாததால் நரம்பு வெளியே வந்துவிட்டது, அதனால் சிறுநீர்ப்பையும் காலும் சரியாக வேலை செய்யாது என்றார். இரண்டாம் நாளே ஆபரேஷன். அப்புறம் தலையில் நீர் கோத்தது. அந்த நீரை இறக்க மூளையிலிருந்து வயிற்றுக்குத் தோலுக்கடியில் ஒரு குழாய் வைத்தார்கள், அதுதான் ஷண்ட். முதுகுத் தையல் ஆறும்வரை உன்னைக் குப்புறத்தான் போட்டிருந்தோம். உன் முகத்துக்கு முந்தி உன் முதுகுதான் எனக்கு மனப்பாடம் ஆனது.

பார்க்க வந்தவர்கள் எல்லாரும் ஒரே கேள்வியைத்தான் கேட்டார்கள். "கிரகணத்தப்போ வெளிய வந்தியா?" 2005 அக்டோபர் 3, மகாளய அமாவாசை. அன்றைக்குச் சூரிய கிரகணம். கொடியில் கிடந்த துணியை எடுக்க நான் வாசலுக்கு வந்தது உண்மை. உன் அப்பத்தா அதைப் பார்த்திருந்தார். யாரும் சத்தம் போட்டுத் திட்டவில்லை. ஒரு பார்வை, ஒரு பெருமூச்சு, அவ்வளவுதான். அதற்குப் பதிலாக நாலு வார்த்தை திட்டியிருக்கலாம்.

அந்த ஐந்து நிமிடத்தை நான் ஐந்து வருடம் சுமந்தேன். 2010-ல் அடுத்த குழந்தை பற்றிக் கேட்கப் போனபோது டாக்டரம்மா ஃபோலிக் ஆசிட் 5 மில்லிகிராம் மாத்திரை எழுதிக்கொடுத்து, கரு உண்டாவதற்கு மூன்று மாதம் முன்னாலிருந்தே சாப்பிடச் சொன்னார். ஏன் முன்னாலேயே என்று கேட்டேன். கரு உண்டான 28 நாளுக்குள் முதுகுத்தண்டு மூடிவிடும், நாள் தள்ளிப்போனது நிச்சயமாகும்போதே பெரும்பாலும் அந்த வேலை முடிந்திருக்கும் என்றார். வீட்டுக்கு வந்து விரல்விட்டு எண்ணினேன். செப்டம்பர் பாதியிலேயே உனக்கு ஆனது ஆகிவிட்டது. அமாவாசை அதற்குப் பிறகுதான் வந்தது. குளியலறைக் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு அன்றைக்கு அழுதேன். ஆனால் மறைக்கிற பழக்கம் போகவில்லை. அதற்குள் அது நம் வீட்டுச் சட்டம் மாதிரி ஆகிவிட்டது.

அப்பா அப்படி இல்லை. நீ பிறந்த வாரமே லேத் பட்டறையில் எல்லாரிடமும் சொல்லிவிட்டார். எனக்கு ஆத்திரம், ஒரு வாரம் முகம்கொடுத்துப் பேசவில்லை. நம் வாசல் கைப்பிடியை வெல்டிங் வைத்துத் தந்தது அந்தப் பட்டறைக்காரர்கள்தான். நடக்க நீ காலில் மாட்டுகிற காலிப்பரில் ரிவெட் விட்டுப்போனால் அரை மணி நேரத்தில் சரிசெய்து தருவார்கள். ரத்தம் வேண்டும் என்றபோது நாலு பேர் கிரீஸ் கையோடு ஆஸ்பத்திரி வாசலில் வந்து நின்றார்கள். என் பக்கத்திலிருந்து ஒருவரும் வரவில்லை. எப்படி வருவார்கள், நான்தான் யாரிடமும் சொல்லவே இல்லையே.

2014 ஆடி மாத ராத்திரி உனக்கு மங்கலாகத்தான் நினைவிருக்கும். முந்தின நாள் சீர் விருந்துக்குப் போய்வந்தோம். காலையில் உனக்கு வாந்தி. விருந்துச் சாப்பாடு ஒத்துக்கொள்ளவில்லை என்று ஓமத் தண்ணீர் கொடுத்தேன். மதியம் மறுபடியும் வாந்தி, தலைவலி. எதிர்வீட்டு அக்கா எட்டிப் பார்த்தார். அவர் நர்ஸ் என்பது உனக்குத் தெரியும். "வாந்தியாங்க? ஓ.ஆர்.எஸ். கலக்கிக் கொடுங்க" என்று சொல்லிவிட்டு டூட்டிக்குப் போனார். உன் காதுக்குப் பின்னால் தடவினால் தட்டுப்படுமே அந்த மேடு, அதை ரெட்டைச் சடையில் மறைத்தே வைத்திருந்தேன். நாலு வருடம் எதிர்வீட்டிலேயே இருந்தும் அவருக்கு உன் தலையில் ஷண்ட் இருப்பது தெரியாது.

ராத்திரி பதினொரு மணிக்கு உன்னைக் கூப்பிட்டால் "ம்" என்றாய். மறுபடி கூப்பிட்டேன், அந்த "ம்" கூட வரவில்லை. தாடையைப் பிடித்து முகத்தை நிமிர்த்தினால் உன் கண் மேலே வரவில்லை. கீழேயே நின்றது. செருப்பில்லாமல் ஓடிப்போய் எதிர்வீட்டுக் கதவைத் தட்டினேன். டூட்டி முடிந்து வந்து அப்போதுதான் சாப்பிட உட்கார்ந்திருந்தார். ஷண்ட் என்ற வார்த்தை என் வாயிலிருந்து வந்ததும் தட்டை அப்படியே வைத்துவிட்டு எழுந்தார். "ஏங்க, இதை மதியமே சொல்லியிருக்கலாமுங்களே" என்றார். அவர் வீட்டு ஆம்னி வேனில் போனோம். மூன்று மணிக்கு உன்னை ஆபரேஷன் தியேட்டருக்குள் கொண்டுபோனார்கள்.

வாந்தி எப்போது ஆரம்பித்தது என்று டாக்டர் கேட்டார். சாயந்திரம் என்று சொன்னேன். பொய், கண்ணு. காலை பத்து மணி. இதை உன் அப்பாவிடம்கூட இன்றுவரை சொன்னதில்லை. நீ பிழைத்து எழுந்துவிட்டாய், ஸ்கேனில் எல்லாம் சரி என்றார்கள், அதனால் அந்தப் பொய்யும் அப்படியே அடங்கிப்போனது.

அந்த ஆபரேஷன் முடிந்த மறுநாள்தான் டாக்டர் அப்பாவிடம் ஒரு கதை சொன்னார். இந்த ஷண்டுக்குள் இருக்கிற வால்வை உருவாக்கினவர்களில் ஒருவர் ஜான் ஹோல்ட்டர், அமெரிக்காவில் மெஷின் வேலை பார்த்தவர், தன் பிள்ளைக்கு இதே நோய் என்பதால் அவரே உட்கார்ந்து செய்தது, 1956-ல் முதன்முதலாக ஒரு குழந்தைக்கு வைத்தார்கள் என்றார். அப்பா உன்னிடமிருந்து எடுத்த பழைய வால்வைக் கேட்டு வாங்கி, உள்ளங்கையில் வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தார். "ஒரு பக்கம் மட்டும் திறக்கணும். எவ்வளவு சின்னது" என்று மட்டும் சொன்னார். அடுத்த நாள் பட்டறையில் அத்தனை பேருக்கும் இந்தக் கதையைச் சொல்லியிருக்கிறார்.

உன் கையில் எனக்கு நம்பிக்கை இல்லாமல் இதை எழுதவில்லை. எல்.கே.ஜி.யிலிருந்து நாலாம் வகுப்பு வரை தினமும் 10:45-க்கு ஒரு தரம், 2 மணிக்கு ஒரு தரம் உன் பள்ளிக்கூடத்துக்கு நடந்தேன். சோப்பு, தண்ணீர், சுத்தமான கை, அது போதும் என்று முதல் நாளே நர்ஸ் சொல்லிக்கொடுத்திருந்தார். மற்ற வீடுகளில் சுவரில் கோடு போட்டுப் பிள்ளையின் உயரம் பார்ப்பார்கள். எனக்கு டியூபின் முனை நிறம்தான் கணக்கு. வெளிர்பச்சை ஆறாம் நம்பரில் ஆரம்பித்தோம், அப்புறம் நீலம், கறுப்பு, இப்போது வெள்ளை. 2015-ல் ஒருநாள் கழிவறைக் கதவுக்கு வெளியே என்னை நிறுத்திவிட்டு, கைக்கண்ணாடியை வைத்துக்கொண்டு நீயே போட்டுப் பார்த்தாய். இரண்டு தரம் தவறியது, மூன்றாம் தரம் சரியாக வந்தது. வேர்த்த முகத்தோடு வெளியே வந்து, "நாளைலருந்து நீ வர வேண்டாம்மா" என்றாய். உனக்குத் தெரியாது, அதற்குப் பிறகும் இரண்டு வாரம் வந்தேன். கேட்டுக்குப் பக்கத்துப் புங்க மரத்தடியில் உட்கார்ந்து, மணி அடித்து எல்லாப் பிள்ளைகளும் வகுப்புக்குள் போனதும் திரும்பிவிடுவேன்.

டியூப் உன்னுடையது, உன் கையில் இருக்கிறது. அதை யாரிடம் சொல்வது, சொல்லாமல் விடுவது எல்லாம் உன் இஷ்டம். "வயிறு சரியில்லை" என்றே சொல்லிக்கொள், நான் எதுவும் கேட்கமாட்டேன்.

ஷண்ட் அப்படி இல்லை. 2014-ல் ஆன மாதிரி அது அடைத்துக்கொண்டால் உன்னால் உனக்கு உதவ முடியாது. நீ தூங்கிக்கொண்டிருப்பாய். நீ தூங்குகிறாய் என்றுதான் ரூமில் இருப்பவர்களும் நினைப்பார்கள், போர்வையை இழுத்து மூடிவிட்டு லைட்டை அணைப்பார்கள். கோயம்புத்தூரிலிருந்து சென்னைக்கு ராத்திரி எந்த வண்டியைப் பிடித்தாலும் நான் விடிந்துதான் வந்து சேர்வேன். பக்கத்துக் கட்டிலில் இருக்கிற அந்தத் திருவாரூர்ப் பெண்ணுக்கு உன்னிடம் வர இரண்டு அடி போதும்.

இப்போது அந்தக் காகிதத்தைப் பிரி. அவளுக்காக எழுதியது. பெரிய எழுத்தில், அடித்தல் திருத்தல் இல்லாமல், மூன்று தரம் எழுதிப் பார்த்துத்தான் இதை வைத்திருக்கிறேன். "இவளுக்குத் தலையில் ஷண்ட் இருக்கிறது. தலைவலி, வாந்தி, வழக்கத்துக்கு மீறின தூக்கம், இதில் இரண்டு சேர்ந்து வந்தால் விடியட்டும் என்று காத்திருக்க வேண்டாம். 108-க்குக் கூப்பிட்டு ஷண்ட் என்ற வார்த்தையை முதலில் சொல்லவும்." அதற்குக் கீழே மூளை நரம்பு ஆபரேஷன் செய்கிற ஆஸ்பத்திரி, உன் ஹாஸ்டலுக்குப் பக்கத்தில் எது என்று விசாரித்து எழுதியிருக்கிறேன். என் நம்பர், அப்பா நம்பர், எதிர்வீட்டு அக்கா நம்பர். பழைய ஸ்கேன் படங்களைத் தம்பி உன் போனுக்கு அனுப்புவான், அவள் போனுக்கும் ஒன்று அனுப்பிவை.

உனக்குச் சொல்ல ஒன்று பாக்கி. சாக்ஸ் போட்டிருந்தாலும் ராத்திரி படுக்கும் முன் கண்ணாடியில் உள்ளங்காலைப் பார். ஏழு வயதில் பேரூர் கோயிலின் சுடுகிற கல்தரையில், காலில் சூடு தெரியாமல் நீ சிரித்துக்கொண்டேதான் நின்றாய். சாயந்திரம் சாக்ஸ் நனைந்திருந்ததைப் பார்த்துத்தான் கொப்புளம் உடைந்தது எனக்குத் தெரிந்தது. நாலு மாதம் ஆயிற்று ஆற. சென்னை வெயிலுக்கு ஹாஸ்டல் மொட்டை மாடியும் அப்படித்தான் காயும். துணி காயப்போடச் செருப்போடு போ.

என் போனில் நாலு மணி நேரத்துக்கு ஒரு அலாரம் இன்னும் அடித்துக்கொண்டுதான் இருக்கிறது. நீ ஊருக்குப் போன மறுநாள் நான் நிறுத்தப் போனேன், அப்பா வேண்டாம் என்று சொல்லிவிட்டார். அடிக்கும்போதெல்லாம் தம்பி அடுப்படியிலிருந்து "அக்காவுக்கு மணியாச்சு" என்கிறான். நேற்று எதிர்வீட்டு அக்கா வந்திருந்தபோதும் அப்படியே சொன்னான். என்ன மணி என்று அவர் கேட்டார். சொன்னேன். 2014-ல் ஷண்ட் பற்றிச் சொன்னவள் இதை மட்டும் அவரிடம் இத்தனை வருடம் சொல்லாமலே இருந்திருக்கிறேன். "இதுக்காங்க இவ்வளவு நாள் மாத்திரை மாத்திரைன்னு சொன்னீங்க" என்று என் கையைப் பிடித்துக்கொண்டார்.

காகிதத்தை அவளிடம் கொடுத்த அன்றைக்கு எனக்குப் போன் போடு. எத்தனை மணியானாலும் சரி.

அன்புடன்,
அம்மா