லிஃப்டுக்கு முன்னால் தரை: எங்கள் வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம். "வீட்டுல கார் தூக்குற லிஃப்ட் ஒண்ணை நட்டுக் கொடுக்க எதுக்குங்க மூணு மாசம்?" என்று இந்த வருடம் உங்களில் பலர் கேட்டுவிட்டீர்கள். நியாயமான கேள்விதான். போனில் இரண்டு நிமிடத்தில் சொல்லக்கூடிய பதில் இல்லை என்பதால் இந்த மடலை எழுதுகிறோம். பொறுமையாகப் படியுங்கள். ஏற்கெனவே எங்களிடம் லிஃப்ட் போட்டவர்களுக்கும் கடைசியில் ஒரு செய்தி இருக்கிறது.

கோயம்புத்தூரில் வீட்டுக் கார் ஷெட்டைப் பட்டறையாக மாற்றித் தருவதுதான் எங்கள் தொழில் என்பது உங்களுக்குத் தெரியும். வேறு ஊரில் இதைச் சொன்னால் வினோதமாகப் பார்ப்பார்கள். இங்கே அப்படி இல்லை. ஜி.டி. நாயுடு இருந்த ஊர். ரேஸ் வீரர் கரிவரதன் ஃபார்முலா மாருதி என்ற ரேஸ் கார்களை உருவாக்கியது இங்கேதான். செட்டிபாளையத்தில் அவர் பெயரிலேயே 2.1 கிலோமீட்டர் ரேஸ் டிராக் இருக்கிறது. 2005-ல் ஃபார்முலா ஒன்னில் ஓடிய முதல் இந்தியர் நரேன் கார்த்திகேயனும் நம் ஊர்க்காரர்தான். தெருவுக்கு ஒரு லேத் பட்டறை இருக்கிற ஊரில், தன் காரைத் தானே கழற்றி மாட்டும் ஆசை யாருக்கும் சீக்கிரம் வந்துவிடும். உங்களில் போர்ஷே 911 வைத்திருப்பவர்களும் உண்டு, பழைய ஃபோக்ஸ்வாகன் போலோ ஜிடி-யை டிராக்குக்கென்றே தயார் செய்பவர்களும் உண்டு. இரண்டு பேருக்கும் தேவை ஒன்றுதான்: கார் தலைக்கு மேலே நிற்கும்போது அடியில் பயமில்லாமல் வேலை பார்க்க ஓர் இடம்.

அந்தப் பயமின்மையை நாங்கள் ஒருமுறை தரத் தவறினோம். அதை மறைக்காமல் சொல்லிவிடுகிறோம்.

போன வருடம் ஒரு வீட்டில் புதுத் தரை போட்டு முடித்திருந்தோம். வீட்டுக்காரர் நல்ல மனிதர், எங்களுக்கு நெடுநாள் பழக்கம். டிராக் டே (சொந்தக் காரை ரேஸ் டிராக்கில் ஓட்டும் நாள்) நெருங்குகிறது, அதற்குள் பிரேக் வேலையும் சஸ்பென்ஷன் வேலையும் முடிய வேண்டும் என்று அவசரப்படுத்தினார். "மேல பாத்தா கல்லு மாதிரி இருக்குங்களே" என்றார். பார்க்க அப்படித்தான் இருந்தது. 12-ஆம் நாள் போல்ட் இறக்கி லிஃப்டை நட்டுவிட்டோம். முடியாது என்று நாங்கள்தான் சொல்லியிருக்க வேண்டும்.

ஒன்பது நாள் கழித்து அவரிடமிருந்து போன். கார் நாலடி உயரத்தில் நிற்கும்போது கீழேயிருந்து 'டக்' என்று ஒரு சத்தம் கேட்டதாம். அவர் கெட்டிக்காரர், உடனே வெளியே வந்து காரை மெல்ல இறக்கிவிட்டார். நான் போய் டார்ச் அடித்துப் பார்த்தேன். இடது தூணின் அடித்தகட்டுக்குப் பின்னால் தலைமுடி அகலத்தில் ஒரு விரிசல், அரைவட்டமாக ஓடியிருந்தது. பின்பக்க போல்ட் ஒன்றின் வாஷருக்கும் தகட்டுக்கும் நடுவே இடைவெளி. சட்டைப்பையில் இருந்த ஒரு ரூபாய் நாணயத்தை நுழைத்துப் பார்த்தேன், நுழைந்தது. சத்தம் கேட்பதற்கு ஐந்து நிமிடம் முன்பு அந்தத் தூணுக்குப் பக்கத்தில்தான் அவர் குனிந்து வேலை செய்துகொண்டிருந்தார்.

லிஃப்டைக் கழற்றி, தரையை வெட்டி எடுத்து, எங்கள் செலவில் மறுபடி போட்டுக் கொடுத்தோம். அவர் ஒரு வார்த்தை கடிந்து பேசவில்லை. அதுதான் எங்களுக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது.

ஏன் அப்படி ஆனது என்று சொல்கிறோம். இரண்டு தூண் லிஃப்டில் காரின் எடை தூணுக்கு நேர் கீழே இறங்குவதில்லை. கைகள் நீண்டு காரைத் தாங்குகின்றன. 1,600 கிலோ கார் என்றால் ஒரு தூணுக்கு 800 கிலோ, அதுவும் தூணிலிருந்து ஏறத்தாழ ஒரு மீட்டர் தள்ளி. அடித்தகடோ அரை மீட்டர்கூட இருக்காது. கடப்பாரையால் கல்லை நெம்புகிற கணக்குதான். தூண் காரை நோக்கிச் சாயப் பார்க்கும், பின்பக்க போல்ட்டுகள் அதைப் பிடித்து இழுத்து நிறுத்த வேண்டும். அந்த இழுப்பு, தூண் சுமக்கும் எடையைப்போல இரண்டு மடங்கு வரை போய்விடும். போல்ட் எஃகு, அது தாங்கிவிடும். அதைச் சுற்றியிருக்கும் கான்கிரீட்தான் புனல் வடிவில் பெயர்ந்து வரும்.

கான்கிரீட் காய்ந்து இறுகுகிறது என்றுதான் பெரும்பாலோர் நினைக்கிறார்கள். தண்ணீரோடு சிமென்ட் வினை புரிந்துதான் அது இறுகுகிறது. அதனால்தான் பாத்தி கட்டித் தண்ணீர் நிறுத்துகிறோம். நாங்கள் போடும் கான்கிரீட்டின் தரம் எம்25. எம்25 என்றால் 28-ஆம் நாளில் ஒரு சதுர மில்லிமீட்டருக்கு 25 நியூட்டன் தாங்க வேண்டும் என்று பொருள். ஏழாம் நாளில் அதில் மூன்றில் இரண்டு பங்கு வந்திருக்கும். மேலே தட்டிப் பார்த்தால் இரண்டும் ஒரே சத்தம்தான் கொடுக்கும். கையால் தெரியாது, கண்ணால் தெரியாது. அதனால் தரை போடும் அன்றே அதே கலவையில் கியூப் (சோதனைக்கான கான்கிரீட் கட்டி) பிடித்து லேபுக்கு அனுப்புகிறோம். 28-ஆம் நாள் உடைத்துப் பார்த்த ரிப்போர்ட் கையில் வந்தபிறகுதான் இனி டிரில்லிங் மெஷினை எடுப்போம்.

"இருக்கிற தரையிலேயே போட்டுடலாமே" என்று கேட்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. பெரும்பாலான வீடுகளில் போர்டிகோவுக்கு மூன்று நான்கு அங்குலம் பிசிசி (கம்பியில்லாத கான்கிரீட்) போட்டு, மேலே பார்க்கிங் டைல்ஸ் ஒட்டியிருப்பார்கள். நாங்கள் வந்ததும் ஓரமாக 12 மில்லிமீட்டர் துளை ஒன்று போட்டு, நுனி வளைத்த கம்பியை உள்ளே விட்டு, தரையின் அடிவிளிம்பில் கொக்கி மாட்டி அளந்து பார்ப்போம். அந்தக் கம்பியில் போட்ட பேனாக்கோட்டை உங்களுக்கே காட்டுவோம். கார் நிறுத்த அந்தத் தரை போதும். காரைத் தூக்க அது போதாது. நாங்கள் போடுவது எட்டு அங்குலம்: கிராவல் கொட்டித் தண்ணீர் விட்டுக் கெட்டித்து, ஈரம் மேலே ஏறாமல் பாலித்தீன் விரித்து, இரண்டு அடுக்கு கம்பி கட்டி, அதன்மேல் எம்25. மொத்தச் செலவில் மூன்றில் ஒரு பங்கு இப்படி மண்ணுக்குள் போய்விடுகிறது. போட்டோவில் தெரியாத செலவுதான். ஆனால் நீங்கள் அதன்மேல் ஒரு டன்னுக்குக் குறையாத காரைத் தூக்கி வைத்துவிட்டு அடியில் நிற்கப் போகிறீர்கள்.

தரைமேல் பூசும் எபாக்ஸி பிசின் பூச்சின் பளபளப்புக்கும் இதே பொறுமை வேண்டும். புதுத் தரையில் ஈரம் இருக்கும்போது எபாக்ஸி பூசினால் கொப்புளம் கட்டும், சூடான டயரோடு ஒட்டிக்கொண்டு உரிந்து வரும். ஒரு முழ சதுரத்துக்கு பாலித்தீன் துண்டை நாலு பக்கமும் டேப் போட்டு ஒட்டி, மறுநாள் காலை எடுத்துப் பாருங்கள். அடியில் வியர்த்திருந்தால் இன்னும் நாள் ஆகவில்லை என்று அர்த்தம்.

நான்கு தூண் லிஃப்ட் போட்டால் தரைத் தொல்லை குறையுமே என்றால், குறையும். எடை நாலு பக்கமும் நேராக இறங்கும். ஆனால் சக்கரங்கள் தட்டின்மேல் நிற்கும், தனியாக ஜாக் வைக்காமல் கழற்ற முடியாது. உங்களுக்கோ முக்கால்வாசி வேலை சக்கரத்துக்குள்ளேதான். செட்டிபாளையத்தில் பத்து சுற்று ஓட்டியபின் பிரேக் பெடல் மெத்தென்று உள்ளே போன அனுபவம் உங்களில் பலருக்கு உண்டு. பிரேக் ஆயில் கொதித்தால் அப்படித்தான் ஆகும். டாட் 4 ரக பிரேக் ஆயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி வரை கொதிக்காது. காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக்கொண்டபின் அந்த வரம்பு 155-க்கு இறங்கிவிடும். ஆகவே சீசனுக்கு ஒருமுறை நாலு சக்கரத்தையும் கழற்றி ஆயில் மாற்றுவது கட்டாயம். காரை வைத்துப் பாதுகாக்க நாலு தூண், கழற்றி மாட்ட இரண்டு தூண் என்று நாங்கள் சொல்வது இதனால்தான்.

உயரத்தையும் பார்த்துவிடுங்கள். பத்தடி கூரை என்பது 3.05 மீட்டர். 911-ன் உயரம் 1.3 மீட்டர். அதை ஆறடி, அதாவது 1.8 மீட்டர் தூக்கினால் 3.1 ஆகிவிடும். கூரையில் இடிக்கும். பத்தடிக் கூரைக்குள் நின்று வேலை பார்க்கும் உயரம் கிடைக்காது, அங்கே கத்தரிபோல மடிந்து விரியும் சிசர் லிஃப்ட்தான் சரி. பில்லர் எழுப்பும்போதே எங்களைக் கூப்பிட்டால் பன்னிரண்டரை அடி கேட்போம்.

911 வைத்திருப்பவர்களுக்கு மட்டும் தனியாக ஒன்று. உங்கள் காரின் எடையில் ஏறத்தாழ 60 சதவீதம் பின் சக்கரங்கள்மேல். எஞ்சினோடு லிஃப்டில் ஏற்றும்போது அந்தக் கணக்கில் கைகளை வைப்பீர்கள். பின் எஞ்சினை இறக்கினால் பாரம் சட்டென்று முன்னுக்கு மாறும், மூக்கு கீழே போகும். எஞ்சின் போல்ட்டில் கை வைப்பதற்கு முன்பே முன்பக்கத்துக்கு உயரமான ஸ்டாண்ட் கொடுத்துவிடுங்கள். அந்த ஸ்டாண்டை நாங்கள் லிஃப்டோடு சேர்த்தே தருகிறோம்.

காற்று, கரண்ட் விஷயம் சுருக்கமாக. பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனம், தரையோடு தரையாகத் தேங்கும். அதனால் ஒன்றரை அடிக்குக் கீழே பிளக் பாயின்ட் வைக்க மாட்டோம், பள்ளம் தோண்டி வேலை செய்யும் குழியும் கட்டித் தர மாட்டோம். இன்வெர்ட்டர் பேட்டரியும் கேஸ் சிலிண்டரும் கார் ஷெட் மூலையில் இருப்பது நம் வீடுகளில் வழக்கம். தயவுசெய்து அவற்றை முதலில் இடம் மாற்றுங்கள். எஞ்சினை உள்ளே ஓடவிட்டு ட்யூன் செய்யும்போது வரும் கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது. ஷட்டர் திறந்திருக்கிறதே என்று நம்பாதீர்கள், புகைக்குழாயில் மாட்டி வெளியே விடும் ஹோஸ் கட்டாயம். கம்ப்ரசர் காற்றுக்கு பிவிசி குழாய் போடச் சொல்லிக் கேட்காதீர்கள். அழுத்தத்தில் அது சில்லுச் சில்லாக வெடிக்கும்.

சட்டத்தையும் சொல்ல வேண்டும். ஆர்.சி.யில் பதிவான விவரங்கள் தயாரிப்பாளர் கொடுத்த அமைப்பிலிருந்து மாறும்படி வண்டியை மாற்றக் கூடாது என்று மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவை வைத்து 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம் போடலாம், சிறைத் தண்டனைக்கும் இடமிருக்கிறது. டிராக்குக்காக மாற்றிய கார் டிராக்கில் ஓடட்டும், அங்கே போய்ச் சேரும்வரை ஃப்ளாட்பெட் லாரியில் போகட்டும். கழற்றிய ஒரிஜினல் பாகங்களுக்கென்று ஒவ்வொரு பட்டறையிலும் ஓர் அலமாரி வைக்கிறோம். அதைக் காலி செய்து டயர் அடுக்க வேண்டாம்.

வடித்த எஞ்சின் ஆயிலைச் சாக்கடையில் விடாதீர்கள். நம் ஊர் கிணறுகளும் நொய்யலும் பட்டது போதும். கேனில் பிடித்து வையுங்கள். பதிவு பெற்ற மறுசுழற்சிக்காரரிடம் சேர்க்க, சர்வீஸுக்கு வரும்போது நாங்களே எடுத்துப் போகிறோம்.

சரி, இனி எங்கள் நடைமுறை இதுதான். தரை போட்ட நாளிலிருந்து 28 நாள் முடியாமல், கியூப் ரிப்போர்ட் வராமல் லிஃப்ட் நட மாட்டோம். யாருக்காகவும் இதில் தளர்த்த மாட்டோம், பழகியவர்களுக்காகவும்தான். பள்ளம், கம்பி, தரை, அந்த 28 நாள், எபாக்ஸி, வயரிங் எல்லாம் சேர்ந்தால் மூன்று மாதம் ஆகும். அவசரமாக வேண்டும் என்பவர்கள் எங்களை விட்டு வேறிடம் போனால் வருத்தப்பட மாட்டோம். போகிற இடத்திலும் தரையின் கனத்தை அளக்கச் சொல்லுங்கள்.

இதுவரை நாங்கள் லிஃப்ட் போட்ட எல்லா வீடுகளுக்கும் வருகிற இரண்டு மாதத்துக்குள் நேரில் வருகிறோம். ஒவ்வொரு போல்ட்டையும் லிஃப்ட் தயாரிப்பாளர் சொன்ன அளவுக்கு இறுகியிருக்கிறதா என்று டார்க் ரெஞ்சால் சரிபார்ப்போம், அடித்தகட்டைச் சுற்றித் துடைத்து விரிசல் பார்ப்போம். இதற்குக் காசு கிடையாது. தரை போட்டு 28 நாள் ஆகும் முன்பே லிஃப்ட் நட்டுக் கொடுத்த வீடுகள் இன்னும் மூன்று இருக்கின்றன. அவர்களிடம் போனில் பேசிவிட்டோம், முதலில் அங்கேதான் வருகிறோம். நாங்கள் வரும்வரை அந்த மூன்று வீட்டிலும் லிஃப்டை ஏற்ற வேண்டாம். மற்றவர்கள் இன்று சாயங்காலம் காரைக் கீழே இறக்கி வைத்துவிட்டு, தூணின் பின்பக்கம் குனிந்து ஒருமுறை பாருங்கள். வாஷருக்கு அடியில் நகம் நுழைந்தாலும் எங்களைக் கூப்பிடுங்கள். ஞாயிற்றுக்கிழமையானாலும் வருகிறோம்.

இப்படிக்கு,
உங்கள் பட்டறைக்காரர்கள்,
கோயம்புத்தூர்