தங்கச்சியின்ர கடைவாய்ப் பல்லுக்கு எந்தப் பிரிட்ஜ்?

உவர்மலை,
திருகோணமலை.

அன்பு மச்சான்,

இங்க எல்லாரும் சுகம். மறுமொழி பிந்தினதுக்குக் கோவிக்காதை. தங்கச்சியின்ர இல்லாத கடைவாய்ப் பல்லுக்கு எந்தப் பொருளில பிரிட்ஜ் போடலாம் என்று கேட்டு நீ அனுப்பின இரண்டு விலைத்துண்டையும் பக்கத்தில வைச்சுக்கொண்டுதான் எழுதுறன்.

நெட்டையன்ர கடையில தேத்தண்ணிக் காசைச் சதக் கணக்கில பிரிச்ச ஆள் நீ. ஆனால் துண்டில கிடக்கிற முக்கியமான சொல்லைக் கவனிக்கேல்லை. முதல் துண்டில இருக்கிறது ஒரு பல்லுக்கு விலை, மற்றதில இருக்கிறது முழுப் பிரிட்ஜுக்கும் விலை. தங்கச்சிக்கு இல்லாதது ஒரு பல்லுதான். பிரிட்ஜ் மூன்று பல்லு: நடுவில போலிப் பல்லு, இரண்டு பக்கமும் அராவின பல்லுக்கு மேல தொப்பி. பல்லுச் செய்யிற லாப் மூன்றுக்கும் காசு எடுக்கும். ஒரு பல்லுக்குப் பத்தாயிரம் வித்தியாசம் என்றால் உன்ர கையில முப்பதாயிரம் வித்தியாசம். மலிவு என்று நீ கோடு போட்டு அனுப்பினதுதான் கூடின துண்டு! எக்ஸ்ரே, தற்காலிகப் பிரிட்ஜ், தேவைப்பட்டால் பல்லுக்குள்ள நரம்பை எடுக்கிற வேர்ச் சிகிச்சை, இதெல்லாம் விலைக்குள்ளயா வெளியிலயா என்றும் கேள். இரண்டு துண்டிலயும் அதைப்பற்றி ஒரு வரியும் இல்லை.

இனிப் பொருளுக்கு வருவம். எல்லாத்திலயும் மலிவு முழு உலோகம். நிக்கல்-குரோம் அல்லது கோபால்ட்-குரோம் கலவை. மேல்பக்கத்தில ஒரு மில்லிமீற்றர் அளவு அராவினால் போதும், உடையாது, எதிர்ப் பல்லையும் பெரிசாய்த் தேய்க்காது. நிறம்தான் குறை. தங்கச்சிக்குக் கவரிங் தோடு போட்டால் காது சொறியுமா என்று கேள். சொறிஞ்சால் நிக்கல் அவவுக்கு ஒத்துவராமல் இருக்கலாம், கோபால்ட்-குரோம் என்று துண்டில எழுதி வாங்கு. நிக்கல் கலவைகள் சிலதில பெரிலியம் என்ற உலோகமும் சேர்க்கிறவை. அதை அராவுற லாப் பொடியனுக்கு அந்தத் தூசி நெஞ்சுக்குக் கூடாது. பெரிலியம் இல்லாததோ என்று நாலு பேர் கேட்டால்தான் லாப்பும் கவனமாய் வாங்கும்.

அடுத்தது உலோகத்துக்கு மேல போசலின், அதாவது பல்லு நிறப் பீங்கான். விலை நடுத்தரம். உலோகம், அதை மறைக்கிற பூச்சு, அதுக்கு மேல போசலின், மூன்றுக்கும் இடம் வேணும். அதனால கன்னப்பக்கம் ஒன்றரை மில்லிமீற்றர், மேல இரண்டு மில்லிமீற்றர் அராவ வேணும். டொக்டர் குறைச்சு அராவினால் லாப் இரண்டில ஒன்று செய்யும்: பல்லைக் குண்டாக்கும், அல்லது போசலினை மெல்லிசாக்கும். குண்டானால் முரசு வீங்கும், மெல்லிசானால் கறுப்பு தெரியும். கீழே உலோகம் தாங்காத இடத்தில போசலின் தடிப்பாய் நிண்டால் அந்த மூலைதான் முதல் தெறிக்கும். மெலிஞ்ச முரசு என்றால் ஓரத்தில கறுத்தக் கோடும் தெரிய வரும். கீழ்க் கடைவாயில செலவைக் குறைக்க நல்ல வழி ஒன்று இருக்கு: கன்னப்பக்கம் மட்டும் போசலின், சப்புற முகம் உலோகம். சப்புறதில தெறிக்கிற இடம் இல்லாமல் போயிடும், அராவுறதும் குறையும்.

சிர்க்கோனியா, அதாவது உலோகம் சேராத வெள்ளைப் பீங்கான் வகை, விலை கூடினாலும் பலம் என்று உன்ர மூத்தவன் சொன்னது பாதிதான் சரி. அதை மாவுக்கட்டி மாதிரி இருக்கேக்க 20, 25 வீதம் பெரிசாய்க் கடைஞ்சு, 1,500 பாகை செல்சியஸ் அளவில சூளையில வைச்சுச் சுருக்கி எடுக்கிறது. இயந்திரமும் கட்டியும் சூளையும் எல்லாம் இறக்குமதி. 2022இல ரூபாய் விழுந்த பிறகு பழைய விலையோட ஒப்பிட்டுப் பிரயோசனமில்லை. ஆனால் சிர்க்கோனியாவிலயே வகை இருக்கு. பழைய வெள்ளை வகை, பலத்தை அளக்கிற கணக்கில, ஆயிரம் மெகாபாஸ்கலுக்கு மேல தாங்கும். கண்ணாடிபோல வெளிச்சம் விடுற வகையின்ர பலம் அதின்ர அரைவாசி சொச்சம்தான். அது முன்பல்லுக்கு அழகு, கடைவாய்ப் பிரிட்ஜுக்கு வேண்டாம். மேல போசலின் பூசின சிர்க்கோனியாவுக்கும் கூடக் காசு குடுக்காதை, பூச்சுத் தெறிக்கும். கடைவாய்க்கு எடுத்தால் முழுக்க ஒரே துண்டாய்க் கடைஞ்சது எடு. பல்லுக்கும் பல்லுக்கும் இடையிலான இணைப்பு ஒன்பது சதுர மில்லிமீற்றருக்குக் குறையக்கூடாது. பல்லு குட்டையாய் இருந்தால் அந்த இணைப்புக்கு வேண்டிய உயரம் கிடைக்காது, அங்க சிர்க்கோனியா முறியும், உலோகம் நிற்கும். கடைசி நாள் கடி சரிபார்க்க அராவினால் அந்த இடத்தைத் திரும்ப மினுக்கித்தான் விட வேணும், இல்லாட்டி எதிர்ப் பல்லை அரம்போல தின்னும்.

லித்தியம் டைசிலிக்கேற்று என்றொரு கண்ணாடிச் சாதியும் எழுதியிருந்தாய். கடைவாய்ப் பிரிட்ஜுக்கு அது ஆகாது. தங்கம் அருமையான பொருள், ஆனால் அதே அளவுப் பிரிட்ஜுக்கு நிக்கலைப்போல இரண்டு மடங்கு நிறை வேணும். இண்டைய பவுண் விலைக்கு அந்தக் கதையே வேண்டாம்.

மச்சான், எனக்கு நித்திரை வராமல் செய்யிறது பொருள் இல்லை, பக்கத்துப் பல்லுகள். முன்னால இருக்கிற பல்லு அடைப்பு ஒன்றும் இல்லாத சுத்தமான பல்லு என்று எழுதியிருக்கிறாய். அதை அராவினால் எனாமல் திரும்பி முளைக்காது. சில பல்லுகள் அராவின பிறகு உள்ளே நரம்பு செத்துப் பின்னால வேர்ச் சிகிச்சைக்கும் வரும். பிரிட்ஜுகள் பழுதாகிறது பெரும்பாலும் பொருள் உடைஞ்சு இல்லை, தொப்பிக்குக் கீழே சூத்தை பிடிச்சுத்தான். ஒரு பக்கம் ஒட்டின சிமெந்து கழண்டாலும் மற்றப் பக்கம் பிடிச்சுக்கொண்டு நிற்கும். நோ இருக்காது, மணம் மட்டும் வரும், அழுத்தினால் ஓரத்தில குமிழி வரும். அதுக்குள்ள பல்லுக் கரைஞ்சிடும். ஆகவே அந்த முன்பக்கப் பல்லுக்காகவே எலும்பில பதிக்கிற இம்பிளான்ற் பல்லின்ர விலையையும், கழட்டிப் பூட்டுற அக்ரிலிக் தட்டு விலையையும் கேட்டு எழுது. மூன்று பல்லுச் சிர்க்கோனியாவைக் கூட்டிப் பார்த்தால் இம்பிளான்ற் நீ பயந்த அளவு தூரத்தில இல்லாமலும் இருக்கலாம். அது எட்டாத காசு என்றால் தட்டோட கொஞ்ச நாள் இருக்கட்டும், அவசரப்பட்டு அராவ விடாதை.

இரண்டு பக்கமும் பெரிய அடைப்போ சூத்தையோ எக்ஸ்ரேயில தெரிஞ்சால் கதை வேற, அப்ப பிரிட்ஜே செய்யுங்கோ. என்ர தெரிவு சப்புற முகம் உலோகமாய், கன்னப்பக்கம் போசலின். அவ வெள்ளைதான் வேணும் என்றால் ஒரே துண்டுச் சிர்க்கோனியா. எதைச் செய்தாலும் போலிப் பல்லுக்குக் கீழே பூந்து போற தடிச்ச நூலோ சின்னப் பிரஷோ ஒவ்வொரு இரவும் போக வேணும். அந்தச் செலவையும் கணக்கில சேர்.

பங்குனி உத்தரத்துக்குக் கோணேசர் கோயிலுக்கு வாறனீங்கள்தானே. அந்தக் கிழமையில பல்லு அராவ நாள் குடுக்க வேண்டாம். தற்காலிகப் பிரிட்ஜோட பிசின்போல ஒட்டுற தொதல் இனிப்புச் சாப்பிட்டால் அது தொதலோடயே கழண்டு வரும், தங்கச்சியைத் தொதல் சாப்பிடாமல் மறிக்க உன்னால ஏலாது.

கையெழுத்து ஒன்றும் வைக்காதை. இரண்டு பக்கத்துப் பல்லின்ர வேர் நுனி வரைக்கும் தெரியிற எக்ஸ்ரேயின்ர படமும், பின்பக்கப் பல்லு முரசுக்கு மேல எத்தனை மில்லிமீற்றர் நிற்குது என்ற அளவும் டொக்டரிட்டக் கேட்டு எழுதி அனுப்பு. அதைப் பார்த்திட்டு மிச்சம் எழுதுறன்.

அன்புடன்,
உன்ர மச்சான்